கணபதியில் ஒன்பது நாள்

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதற்கென்று ஒரு முகவெட்டு வேண்டும். எனக்கு அது கிடையாது. சேரன் எக்ஸ்பிரஸ் அரக்கோணம் தாண்டும்வரை வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். 'மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க...' என்று ஆரம்பித்தால் நானே கடன் கேட்பது போல இருக்கிறது. 'என்ன மாமா, நம்ம கணக்கு?' என்று ஆரம்பித்தால் கந்துவட்டிக்காரன் மாதிரி இருக்கிறது. பின்னால் கை கழுவக் காத்திருந்தவர், "சார், டிராமாவுல நடிக்கறீங்களா?" என்றார். போய்ப் படுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு ஆபீஸில் கட்டம் கட்டமாக நம்பர் தட்டுகிற உத்தியோகம் எனக்கு. புல்லட் வாங்குவதற்காக சினிமா, ஓட்டல், ஒரு காதல் எல்லாவற்றையும் தியாகம் செய்து இரண்டு லட்ச ரூபாய் சேர்த்திருந்தேன். கோயமுத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரர் ஒரு ராத்திரி போன் பண்ணினார்.

"மாப்ளே, பழைய சி.என்.சி. மில்லிங் மெஷின் ஒண்ணு சல்லிசா வருதுங்க. மூணே மாசம். உங்க பணம் உங்க கைக்கு வந்துரும்."

கொடுத்தேன். மூன்று மாதம் ஆறு மாதம் ஆயிற்று. எப்போது போன் செய்தாலும் "ஒயரிங் நடந்துட்டு இருக்குதுங்க மாப்ளே" என்பார். கல்யாண வீட்டு சீரியல் பல்புக்கு ஒரு மணி நேரத்தில் ஒயரிங் செய்கிறார்கள். ஒரு மெஷினுக்கு ஆறு மாதமா? வெள்ளி ஒருநாள் லீவு, சனி ஞாயிறு சேர்த்து மூன்று நாள். பணத்தோடுதான் திரும்புவது என்று கிளம்பிவிட்டேன்.

கணபதி என்றதும் பிள்ளையார் கோயில் தெரு என்று நினைத்துவிடாதீர்கள். காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் போனால் வருகிற பகுதி. மற்ற ஊர்களில் விடிந்தால் சேவல் கூவும். இங்கே லேத் கூவுகிறது. ஒரு சந்தில் நுழைந்தேன். முதல் வீட்டில் கடைகிறார்கள், இரண்டாவது வீட்டில் துளை போடுகிறார்கள், மூன்றாவது வீட்டில் பம்ப்புக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறார்கள். முன்பக்கம் ஷெட், பின்பக்கம் சமையல்கட்டு. மூன்று பேர் வேலை பார்த்தாலும் அதற்குப் பெயர் 'கம்பெனி'. இந்தக் கம்பெனி கடைந்ததை மொபெட்டில் வைத்து அந்தக் கம்பெனிக்கு அனுப்ப, அவர்கள் துளை போட்டு அடுத்த சந்துக்கு அனுப்புகிறார்கள். இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். கோலம் போட்ட வாசலில் இரும்புச் சுருள் மின்னுவதை இங்கேதான் பார்த்தேன்.

இந்த ஊர் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை நூல் மில் ஆரம்பித்தார். 1932-ல் நீலகிரி மலையில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் வந்தால் மில்லுக்கு உதிரி பாகம் வேண்டும், அதற்கு லேத் வேண்டும். கிணற்றுக்கு மின்சாரம் போனால் பம்ப் வேண்டும், மோட்டார் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராத ஜி.டி. நாயுடு 1937-ல் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. 'வெளியூர்லேர்ந்து வாங்குவானேன், நாமே செஞ்சா என்ன?' என்பது இங்கே ஒரு வியாதி. மாமாவுக்கும் அது முற்றியிருந்தது.

"வாங்க மாப்ளே! வண்டி சரியா வந்துருச்சுங்களா?" என்றார். நான் ஒத்திகை பார்த்த வசனத்துக்கு வாயைத் திறப்பதற்குள் அக்கா இட்லியை வைத்துவிட்டாள். சிறுவாணித் தண்ணீர், சாம்பார், சாம்பார் மேல் சாம்பார். சாப்பிட்ட வாயால் எப்படிக் கேட்பது? சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஷெட்டுக்குப் போனேன்.

அங்கே என் இரண்டு லட்ச ரூபாய் வயிறு கிழிந்து கிடந்தது.

1980களின் ஆரம்பத்தில் ஜப்பானில் பிறந்த மெஷின். பீரோ உயரத்துக்கு இரண்டு மடங்கு. பின்னால் உள்ள எலெக்ட்ரிகல் பேனலின் கதவைத் திறந்தால், பொங்கலுக்குப் பிரித்துப் போட்ட பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி ஒயர். மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் சும்மா கிடந்திருக்கிறது. எலிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, ஒயரின் மேல்தோலைத் தின்று வளர்ந்திருக்கின்றன.

உங்களைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்காக ஒரு விளக்கம். லேத்தில் இரும்பு சுற்றும், கத்தி சுற்றாமல் நகர்ந்து சீவும். மில்லிங்கில் கத்தி சுற்றும், இரும்பை மேஜையில் கட்டிவைத்து மேஜையை நகர்த்துவார்கள். அந்த நகர்த்துகிற வேலையைக் கைப்பிடி சுற்றிச் செய்யாமல் எண்களைப் படித்துத் தானே செய்வதுதான் சி.என்.சி. ஹெலிகாப்டர் இறக்கைக்கு வளைவு வெட்டக் கஷ்டப்பட்ட ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் யோசனையில் தொடங்கி, 1952-ல் எம்.ஐ.டி.யில் முதல் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். காகித நாடாவில் துளை போட்டு எண்களைக் கொடுத்தார்கள். நம் மெஷினின் பக்கவாட்டிலும் நாடா படிக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதிலும் ஒரு எலி பிரசவித்திருந்தது.

"ஒயரத் தொட்றாதீங்க தம்பி!"

பேனலுக்குள்ளிருந்து ஒரு குரல். பெரியவர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார். மில் ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிடையர் ஆனவர். மூக்குக் கண்ணாடி நூலில் தொங்கியது. அவருக்கு உதவியாக ஐ.டி.ஐ. முடித்த பத்தொன்பது வயதுப் பையன். என்னைப் பார்த்து, "வாங்ணா" என்றான்.

"எப்பங்க முடியும்?" என்று பெரியவரிடம் கேட்டேன். கடன்காரனின் கேள்வி.

"அது ஒயருதானுங்க சொல்லோணும்" என்றார்.

அன்றைக்கு இரவு பணம் கேட்பதற்குப் பதிலாகக் கையில் ஒரு மார்க்கர் பேனாவுடன் உட்கார்ந்திருந்தேன். வேலை என்ன தெரியுமா? பழைய ஒயரை அறுப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் பேர் வைப்பது. செல்போனில் போட்டோ, நோட்டுப் புத்தகத்தில் படம், பிறகு ஒயரின் முனையில் நம்பர் போட்ட சின்ன பிளாஸ்டிக் வளையம். "பேரில்லாத ஒயரு அனாதைப் பொணம் மாதிரிங்க. எந்த ஊருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார் பெரியவர். நாலு வருஷமாக ஆபீஸில் 'புதிய ஃபைல்', 'புதிய ஃபைல் கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்று பேர் வைப்பவன் நான். வாயை மூடிக்கொண்டு வளையம் மாட்டினேன்.

மெஷினோடு வந்த சர்க்யூட் படம் ஜப்பானிய மொழியில் இருந்தது. நான் பந்தாவாக செல்போனைக் காட்டி மொழிபெயர்த்தேன். எண்ணெய் குறைந்தால் எரிகிற விளக்குக்கு 'எண்ணெய் வருத்தமாக இருக்கிறது' என்று வந்தது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவர் மட்டும், "சரியாத்தானே சொல்லுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் ரயிலேறவில்லை. மேனேஜருக்கு போன் போட்டேன். பாட்டியை ஏற்கெனவே மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டதால் இந்த முறை உண்மையையே சொன்னேன்: "சார், ஒரு மெஷினுக்கு உடம்பு சரியில்ல." அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சம்பளம் இல்லாத லீவு என்றார்.

திங்கட்கிழமை உக்கடம் பழைய இரும்பு மார்க்கெட். மாமாவின் ஸ்கூட்டரில் பெரியவர் சொன்ன லிஸ்டோடு போனேன். அங்கே கிடைக்காத சாமான் கிடையாது. கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியாது, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியது 100 வோல்ட் காயில் போட்ட கான்டாக்டர். கான்டாக்டர் என்றால் ரோடு போடுகிறவர் இல்லை. சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற பெரிய ஸ்விட்ச். நம் ஊர்க் கடைகளில் 230 வோல்ட் காயில் கேட்டவுடன் தருவார்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரமே 100 வோல்ட், தொழிற்சாலையில் மூன்று பேஸ் 200 வோல்ட். நம் மூன்று பேஸ் லைனோ 415 வோல்ட் கணக்கு. அதனால் மெஷினுக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்கித்தான் கொடுக்க வேண்டும். நேரடியாகக் கொடுத்தால் தீபாவளிதான்.

இன்னொரு வேடிக்கை. ஜப்பானில் கிழக்குப் பாதிக்கு 50 சைக்கிள், மேற்குப் பாதிக்கு 60 சைக்கிள் மின்சாரம். அந்தக் காலத்தில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் பலன், இன்றைக்கும் தீரவில்லை. 'அண்ணன் தம்பி ஆளுக்கொரு கடையில சாமான் வாங்கினா இப்படித்தான்' என்றார் மாமா. நல்லவேளை, நம் மெஷினின் தகட்டில் இரண்டுக்கும் சம்மதம் என்று எழுதியிருந்தது.

மூன்று கடை ஏறி இறங்கி கான்டாக்டர் கிடைத்தது. திரும்பும்போது மாமா ஒரு பேக்கரியில் நிறுத்தி டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இதுதான் சமயம். "மாமா..." என்றேன்.

"சொல்லுங்க மாப்ளே."

"பன்னு நல்லாருக்கு மாமா."

செவ்வாய் முழுக்கப் புது ஒயர் இழுத்தோம். ஆர், ஒய், பி என்று சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று பேஸ்களுக்கு. எர்த்துக்குப் பச்சை. முனையில் லக் வைத்துக் கிரிம்ப் பண்ணி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, பிறகு 'பெல்' டெஸ்ட். இந்த முனையில் தொட்டால் அந்த முனையில் மீட்டர் கத்த வேண்டும். மோட்டார்களுக்கு மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பதற்கு முன் எலெக்ட்ரானிக் கார்டுகளையெல்லாம் பெரியவர் கழற்றி ஓரமாக வைத்தார். மெகர் அனுப்புகிற வோல்டேஜ் கார்டுக்குள் போனால் அப்புறம் கார்டு கருமாதிதானாம்.

புதன்கிழமை காலையில் சண்டை வந்தது.

பேனலின் அடியில், இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர். பெரியவர் அதை டெஸ்டரால் தொட்டுக் காட்டினார். "பாத்தீங்களா? எமர்ஜென்சி லைன யாரோ ஷார்ட் பண்ணி விட்டிருக்கறாங்க."

எமர்ஜென்சி லைன் என்பது ஒரு சங்கிலி. சிவப்புக் காளான் மாதிரி இருக்கும் நிறுத்து பட்டன், மேஜை ஓரம் வரை ஓடிவிட்டால் தட்டுகிற லிமிட் ஸ்விட்ச்சுகள் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே ஒயர் வரிசையாகப் போய்த் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால்தான் அதில் கரன்ட் ஓடும், மெஷினும் ஓடும். ஒரு பட்டனை அமுக்கினாலும், ஒரு ஸ்விட்ச் தட்டினாலும், ஏன், ஒயரே அறுந்தாலும் கரன்ட் நின்று மெஷின் நின்றுவிடும். பழைய தொழிற்சாலையில் லைனில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. தேடச் சோம்பல்பட்ட புண்ணியவான் யாரோ லிமிட் ஸ்விட்ச்சுகளை அப்படியே தாண்டி இந்தத் துண்டு ஒயரைப் போட்டு ஓட்டியிருக்கிறார்.

"இது எங்க அறுந்திருக்குன்னு பாக்கோணும். ரெண்டு நாளாகும்" என்றார் பெரியவர்.

மாமா முகம் சுருங்கியது. "அய்யா, ஞாயித்துக்கெழம சாம்பிள் பீஸ் குடுக்கோணும். இல்லீன்னா ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிரும். இப்பத்திக்கு அது அப்படியே இருக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாமுங்க."

"அறுந்தா நிக்கோணும்னு அவன் மெஷினச் செஞ்சிருக்கறான். நீங்க அறுந்தாலும் ஓடோணும்ங்கறீங்க." டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பெரியவர் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

இந்த இடத்தில் நான் வீரமாக ஏதோ சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் சொன்னது இது: "ரெண்டு நாள்தானே அய்யா... மொதல்ல ஓட்டிட்டு அப்புறமா சரி பண்ணிக்கலாமே."

ஆர்டர் போனால் என் பணமும் போகும். அந்த நிமிஷம் என் கண்ணுக்குத் தெரிந்தது புல்லட்தான்.

பெரியவர் கோபப்படவில்லை. "அந்த ரெண்டு நாளும் மெஷின் முன்னால யாரு தம்பி நிக்கப் போறது? நீங்களா?" என்று கேட்டார்.

பையன் டீ கிளாஸ்களை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவு சமையல்கட்டிலிருந்து வந்தது. "அய்யா சொல்றபடியே செய்யுங்க" என்றாள் அக்கா. "ஆர்டர் போனா இன்னொண்ணு வரும். என் வளையல் பேங்க்ல இருக்குது, அது பாட்டுக்கு இன்னுங் கொஞ்ச நாளு இருக்கட்டும். தம்பி பணத்தத்தான் சீக்கிரங் குடுக்கோணும்."

அப்போதுதான் அக்காவின் கையைப் பார்த்தேன். ஐந்து நாளாக இட்லி வைத்த கை. ரப்பர் வளையல் போட்டிருந்தது. நான் என்னவோ என் ஒருவன் பணத்தில்தான் மெஷின் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா குனிந்து அந்தச் சிவப்பு ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "வாங்கய்யா" என்றார்.

இரண்டு நாளெல்லாம் ஆகவில்லை. அன்று ராத்திரி பதினோரு மணிக்கே அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தார் பெரியவர். மேஜைக்கு அடியில், ஒயர் போகும் வளைகுழாய்க்குள், வெளியே தோல் நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் முறிந்திருந்தது. வருஷக்கணக்காக மேஜை போய் வந்து போய் வந்து, கம்பியை ஆட்டி ஆட்டி ஒடிக்கிற மாதிரி ஒடித்திருக்கிறது.

வியாழக்கிழமை கரன்ட் கொடுத்தோம். முதலில் எண்ணெய் பம்ப் தலைகீழாகச் சுற்றியது. மூன்று பேஸில் ஏதாவது இரண்டை மாற்றினால் திசை மாறிவிடும். மாற்றினோம். அடுத்து திரையில் பச்சை எழுத்தில் ஏகப்பட்ட கோளாறு எண்கள். மெஷினுக்கு ஞாபக சக்தி போய்விட்டது. மேஜை எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு வேகம், எந்த மோட்டார் என்பதெல்லாம் பேட்டரி தயவில் நினைவில் நிற்கிற எண்கள். பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது. மெஷின் ஓடுகிற நிலையில், கரன்ட் இருக்கும்போதே பேட்டரியை மாற்றினால் இந்தக் கதி வராது. நிறுத்திவிட்டு மாற்றினாலோ, மாற்றாமலே விட்டாலோ எல்லாம் அழிந்துவிடும். நல்லவேளை, பேனல் கதவின் உள்பக்கப் பையில் அந்த எண்களை டைப் அடித்த தாள் மஞ்சள் பூத்து உட்கார்ந்திருந்தது. எலி அதை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தது.

நானூற்றுச் சொச்சம் எண்கள். "யாரு அடிக்கறது?" என்றார் மாமா. நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். கட்டத்தில் நம்பர் தட்டுவது என் குலத்தொழில் அல்லவா? ஒரு தப்பில்லாமல் மூன்று மணி நேரத்தில் அடித்து முடித்தேன். "அண்ணனுக்கு வெரல்ல கம்ப்யூட்டருங்ணா" என்றான் பையன். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தேன்.

அந்த நிமிர்வு வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் இருந்தது.

வெள்ளிக்கிழமைதான் மேஜையை நகர்த்திப் பார்க்கும் நாள். "எல்லாரும் நாலடி தள்ளி நில்லுங்க" என்றார் பெரியவர். பையன் சிவப்பு பட்டன் மேல் கையை வைத்துக்கொண்டான். மாமா மேஜையை மெல்ல வலதுபக்கம் நகர்த்துவதற்கான பட்டனைத் தொட்டார்.

மேஜை மெல்ல நகரவில்லை. பாய்ந்தது. ஒரு டன் இரும்பு கட்டவிழ்த்த காளை மாதிரி ஓரத்துக்கு ஓடியது. பையனின் கை அமுங்குவதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். லிமிட் ஸ்விட்ச் தட்டி, லைன் அறுந்து, உக்கடத்தில் வாங்கிய கான்டாக்டர் விழுந்து, எல்லாம் நின்றுவிட்டது. முட்டுக்கட்டைக்கும் மேஜைக்கும் நடுவே இரண்டு விரற்கடை மிச்சம்.

யாரும் பேசவில்லை. முட்டியிருந்தால், மேஜையை நகர்த்துகிற பால் ஸ்க்ரூ போயிருக்கும். அது போனால் இந்த மெஷினை உக்கடத்தில் எடைக்குப் போடலாம். அந்தத் துண்டு சிவப்பு ஒயர் இருந்திருந்தால் கண்டிப்பாக முட்டியிருக்கும். நான் சிபாரிசு செய்த ஒயர்.

பெரியவர் மெயினை அணைத்து, கெப்பாசிட்டர்கள் இறங்கும் வரை பத்து நிமிஷம் காத்திருந்து, மோட்டாரின் மூடியைக் கழற்றினார். மோட்டாருக்குப் பின்னால் டேக்கோ என்று ஒரு குட்டி ஜெனரேட்டர் உண்டு. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதற்கேற்ற வோல்டேஜை அனுப்பி, 'போதும், போதும்' என்று கன்ட்ரோலுக்குச் சொல்வது அதன் வேலை. அதன் இரண்டு ஒயரும் இடம் மாறினால் 'போதும்' என்பது 'இன்னும், இன்னும்' ஆகிவிடும். அப்படித்தான் ஆகியிருந்தது.

அந்த இரண்டு ஒயர்களின் நம்பர், 6-ம் 9-ம்.

"இது யாரு மாட்டின வளையம்?" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வளையத்தைத் தலைகீழாக மாட்டினால் 6 என்பது 9. ஒன்றை மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால் இரண்டு 6 வந்து அப்போதே மாட்டிக்கொண்டிருப்பேன். நான் இரண்டையுமே ஒழுங்காகத் தலைகீழாக மாட்டியிருந்தேன். புது ஒயரில் குற்றமில்லை, பெல் டெஸ்டிலும் குற்றமில்லை. பேர் வைத்ததில் குற்றம்.

"நான்தான் அய்யா."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பணம் கொடுத்தவனை என்ன சொல்வது? பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 6-க்கு அடியில் ஒரு கோடு, 9-க்கு அடியில் ஒரு கோடு போட்டார். "நானும் மில்லுல ஒருக்கா இப்படி மாட்டி, மேஸ்திரிகிட்ட அறை வாங்கியிருக்கறனுங்க. அப்பறந்தான் கோடு போடப் பழகினது. உங்களுக்கு அறையில்லாமயே வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். நானே மாற்றினேன்.

சனிக்கிழமை. மேஜை இப்போது பூனை மாதிரி நடந்தது. பையன் டயல் கேஜை ஒட்டவைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, 0.04 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்றான். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதற்கே உதட்டைப் பிதுக்கினான். அந்த ஆட்டத்தையும் ஒரு எண்ணாகக் கன்ட்ரோலுக்குச் சொல்லிவிட்டால் அது ஈடுகட்டிக்கொள்ளுமாம். பிறகு எனக்குப் பாடம் எடுத்தான். "ஜி 00-ன்னா வெட்டாம வேகமாப் போறதுங்ணா. ஜி 01 வெட்டிக்கிட்டே நேராப் போறது. ஜி 02, ஜி 03 வட்டம். எம் 30-ன்னா வேலை முடிஞ்சுது." எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் காலையிலிருந்தே எம் 30-தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு அலுமினியத் துண்டில் வட்டம் வெட்டினார்கள். ஏன் வட்டம்? நேர்கோட்டில் மெஷின் பொய் சொல்லலாம், வட்டத்தில் முடியாது. நீளவாட்டில் ஓடும் மேஜை திசை திரும்புகிற இடத்திலும் அகலவாட்டில் திரும்புகிற இடத்திலும், ஆக நாலு மூலையிலும் ஆட்டம் இருந்தால் சின்னப் படி தெரியும். கூலன்ட் பால் மாதிரி பீய்ச்சியது, சுருள்கள் தெறித்தன, நாங்கள் நாலு பேரும் கைக்குழந்தையைச் சுற்றி நிற்பதுபோல நின்றோம். அக்கா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். மெஷின் நின்றதும் பெரியவர் துண்டை எடுத்துத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

"பரவால்லீங்க" என்றார். கோயமுத்தூரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நான் சென்னையில் இறங்கிக்கொண்டிருந்தபோது சாம்பிள் பீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு துளையைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, 'பார்க்கலாம்' என்று பாதி ஆர்டர் கொடுத்தார்களாம். இது நடந்து நாலு மாதமாகிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய் தவறாமல் வருகிறது. அந்தக் கணக்கில் புல்லட்டுக்கு இன்னும் பதினாறு மாதம். முதலில் அக்கா வளையலை மீட்டுவிடுங்கள் என்று போனில் சொன்னேன். கண்ணாடி முன்னால் ஒத்திகையே பார்க்காமல், தடங்கலில்லாமல் வந்த ஒரே வசனம் அதுதான்.

அந்த அலுமினிய வட்டம் என் ஆபீஸ் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். நான் கொடுத்த ஸ்டேட்மென்ட்டை நீட்டி, "என்னய்யா இது, 6-க்கும் 9-க்கும் மட்டும் அடியில கோடு போட்டிருக்க?" என்றார்.

"கோயமுத்தூர்ல ஒரு பெரியவர்கிட்ட கத்துக்கிட்டேன் சார்."

"என்ன ஃபீஸ் கொடுத்த?"

"ஒண்ணுமில்ல சார். ஒரு மேஜை, ரெண்டு விரற்கடையில தப்பிச்சுது."